என் கார்டில் மதினி சுற்றிய பீடி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது எனக்குப் பழக்கமான வேலை இல்லை. பத்தாம் வகுப்புவரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்பட்டு, தாகத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறவள். பேச வேண்டிய இடத்தில் ஒருமுறை பேசாமல் போனேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இப்போது எழுதுவதால் யாருக்கும் எந்தப் பலனும் இல்லை என்று எனக்கே தெரியும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தென்காசியிலிருந்து இலத்தூருக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். ஆண்கள் வயலுக்கும் கொத்து வேலைக்கும் போவார்கள். பெண்கள் பீடி சுற்றுவோம். கடையில் இலையும் புகையிலைத் தூளும் நூலும் தருவார்கள். வீட்டில் முறம் மாதிரியான சுளகை மடியில் வைத்துச் சுற்றி, கட்டுக் கட்டி, சனிக்கிழமை கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எனக்குப் பதினெட்டு வயதில் கார்டு கிடைத்தது. பீடித் தொழிலாளி என்று மத்திய அரசு தருகிற அட்டை அது. அந்த அட்டை இருந்தால்தான் பி.எஃப்., பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் மருந்து, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி எல்லாம். நான் வாங்கிய மறு வருடமே கம்பெனி புதிய ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. கார்டு இருப்பவர்கள் இருந்தார்கள். இல்லாதவர்கள் இருப்பவர்களின் பெயரில் சுற்றினார்கள். எங்கள் தெருவில் ஒரு கார்டுக்குப் பின்னால் இரண்டு பேர், சில வீடுகளில் மூன்று பேர்கூட உண்டு. அதை யாரும் களவு என்று நினைத்ததில்லை. ஒரே அடுப்பில் இரண்டு பேர் சமைப்பது மாதிரி.

என் அண்ணன் ராயகிரியிலிருந்து பெண் எடுத்தான். மதினி வயல்வேலை செய்து வளர்ந்தவள். (எழுத்தில்தான் அவள் இவள் என்கிறேன். நேரில் எப்போதும் 'நீங்க'தான்.) பீடி சுற்ற நான்தான் பழக்கினேன். மூன்று மாதத்தில் என்னைவிட வேகமாகச் சுற்றினாள். அன்று முதல் என் கார்டில் பாதி அவளுடைய கை. சனிக்கிழமை வருவதை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். அதில் எங்களுக்குள் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. பீடியின் தலையை மடக்கும்போது அவள் மடிப்பு கொஞ்சம் இடப்பக்கம் சாயும். என்னுடையது நேராக நிற்கும். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு என் கட்டில் இரண்டு கை இருப்பது தெரியும்.

அண்ணன் வடகரையில் ஒரு தோப்பில் தேங்காய் வெட்ட ஏறி விழுந்து இறந்தான். பிள்ளைகள் இல்லை. மதினி அண்ணன் கட்டிய வீட்டிலேயே இருந்தாள். மண்சுவர், மேலே ஓடு. பின்சுவர் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. ஓடு விலகிய இடத்தில் ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்துக் கல் வைத்திருந்தோம். யாரோ ஒரு கல்யாண ஜோடியின் பேனர். உள்ளேயிருந்து அண்ணாந்து பார்த்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் தலைகீழாகச் சிரிப்பார்கள்.

"எவ புண்ணியவதியோ, எனக்குக் கொட பிடிக்கா," என்பாள் மதினி.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அடுத்த அடைமழைக்கு முன்னால் அரசாங்கத் திட்டத்தில் ஒரு வீடு.

அந்தத் திட்டத்துக்குக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். பெயர் கேட்டாள், குடும்ப அட்டை பார்த்தாள். தொழில் என்ன என்று கேட்கவில்லை. மதினியின் மடியில் சுளகு இருந்தது. அதைப் பார்த்து அவளே பீடி என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். அது அப்போது எங்களுக்குத் தவறாகத் தோன்றவில்லை.

பட்டியல் வந்தபோது மதினியின் பெயர் இல்லை. இரண்டு பேரும் பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த எழுத்தர் வயதானவர். நல்லவிதமாகத்தான் பேசினார்.

"ஒங்க பேருக்கு நேரே பீடின்னு இருக்கும்மா. பீடிக்காரங்களுக்கு வீடு குடுக்கது சென்ட்ரல். நாங்களும் குடுத்தா ஒரே ஆளுக்கு ரெண்டு வீடு குடுத்துட்டான்னு எங்க தலையில வந்து விடியும்."

"ஒண்ணுக்கே வழியில்லாதவளுக்கு ரெண்டு வீடா அண்ணாச்சி?" என்றாள் மதினி. "ஒங்க வாய்க்குச் சர்க்கரதான் போடணும்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் தனக்கு இல்லை என்றார்.

அடுத்த வாரம் பீடித் தொழிலாளர் காரியங்களைப் பார்க்கிற மத்திய அரசு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே முதல் கேள்வியே கார்டு. இல்லை என்றதும் அந்த ஊழியர் தாளைத் திருப்பித் தந்தார்.

"கார்டு இல்லன்னா நீங்க பீடித் தொழிலாளியே கிடையாதும்மா."

மதினி தன் வலது கையை அவர் மேசைமேல் நீட்டினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தூள்பட்டுப் பழுப்பேறிக் கிடந்தன. "அப்ப இது என்ன சார், மருதாணியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சுவரோடு சுவராக நின்றேன். என் கார்டு என் பையில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த படத்தில் எனக்குப் பதினெட்டு வயது.

ஆக, மாநில அரசின் கணக்கில் மதினி பீடித் தொழிலாளி, அதனால் அங்கே வீடு இல்லை. மத்திய அரசின் கணக்கில் அவள் பீடித் தொழிலாளி இல்லை, அதனால் இங்கேயும் இல்லை. வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்றபோது மதினி சொன்னாள்: "டெல்லிங்கான், மெட்ராசுங்கான். என் செவுரு இங்கனல்லாட்டீ கெடக்கு."

ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் கட்டியது. சீசன் வந்தால் பெரிய அதிகாரிகள் எல்லாருக்கும் எங்கள் பக்கம் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். பீடி விஷயங்களுக்குப் பொறுப்பான மத்திய அரசு அதிகாரி ஒருவர் வந்து ஒரு விருந்தினர் விடுதியில் தங்கியிருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மனு எழுதிக்கொண்டு போனோம். விடுதி வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

"ஐயா இன்ஸ்பெக்சனுக்குப் போயிருக்காவ."

"எங்கன?" என்றாள் மதினி.

"அருவிக்கு."

"தண்ணி ஒழுங்கா விழுதான்னு பாக்கவா?"

வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்களை உள்ளே மரத்தடியில் நிற்க விட்டார்.

அதிகாரி தலையில் துண்டோடு வந்தார். காதுமடலில் எண்ணெய் மினுமினுத்தது. எங்களைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. மனுவை வாங்கி ஈரக்கையோடு முழுவதையும் படித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, இப்படிப் புரிஞ்சுக்கங்க. கார்டு இருந்தா நீங்க எங்க ஆளு. கார்டு இல்லைன்னா மாநில அரசோட ஆளு. நடுவுல ஒண்ணும் கிடையாது. உங்களுக்குக் கார்டு இல்லை. அப்ப அவங்க பட்டியல்லதான் நீங்க வரணும். பீடின்னு எழுதினதுதான் உங்களை வெளியே தள்ளிருச்சு."

"கார்டு இல்லாமத்தான் சார் இத்தன வருசம் சுத்துதேன்."

"யார் கார்டுல?" என்றார்.

மதினி என்னைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தாள்.

அவரே கையை உயர்த்தினார். "என்கிட்டச் சொல்லாதீங்க. தெரிஞ்சா நான் நடவடிக்கை எடுக்கணும். மேல்முறையீடு போடுங்க, வீட்டைப் பார்க்க யூனியன்லேருந்து ஒருத்தர் வருவார். அவர் முன்னாடி அந்தக் கார்டுக்காரர் தன் வாயால சொல்லட்டும், இவங்க என் கீழே கூலிக்குச் சுத்துறவங்க, இவங்களுக்குக் கார்டு இல்லைன்னு. அதை அவர் எழுதிக்கிட்டா போதும். மாநிலப் பட்டியல்லயே வீடு வந்துரும்."

அருவிச் சத்தம் அங்கேயே கேட்டது. நாங்கள் குளிக்கவில்லை, மாற்றுத் துணி கொண்டுபோகவில்லை. மதினி அவித்த கடலை வாங்கினாள். தென்காசி பஸ்ஸில் ஈரத்துண்டுகளுக்கும் பிழிந்த துணிகளுக்கும் நடுவே நெருக்கி உட்கார்ந்து தின்றோம்.

"நான் சொல்லுதேன் மதினி," என்றேன்.

"கூட்டத்துல ஒனக்குப் பேச்சே வராதேட்டீ."

"ஒரு வார்த்ததான. சொல்லிருவேன்."

அவள் தன் பங்குக் கடலையையும் என் கையில் கொட்டினாள்.

மேல்முறையீடு போட்டோம். ஆடி பிறந்த பிறகு, வருகிற வியாழக்கிழமை வீடு பார்க்க வருவார்கள் என்று தகவல் வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை பீடிக்கடையில் கணக்கப்பிள்ளை என் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டிலிருந்து இரண்டு பீடிகளை உருவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நேராக நின்றது, ஒன்று இடப்பக்கம் சாய்ந்தது.

"ஒன் கட்டுல ரெண்டு கை இருக்கது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? இத்தன வருசமா கண்ண மூடிக்கிட்டு இருக்கேன்," என்றார். "இப்ப எல்லாத்தையும் ஆதாரோட சேக்காவ. மேல இருந்து கேட்டு எழுதுதாவ. எவளாவது வாயத் தொறந்தா அந்தக் கார்டு அன்னைக்கே போச்சு. ஒன் பிள்ள படிக்கால்லா? பாத்துக்க."

என் மகள் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பீடி கார்டை வைத்து வருகிற படிப்பு உதவியில்தான் அவள் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. முடிய எட்டு மாதம் இருந்தது. வீட்டுக்கு வந்து இதை யாரிடமும் சொல்லவில்லை. மதினியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளே வேண்டாம் என்றிருப்பாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லையோ என்னவோ. எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் வழக்கம்போல என் பங்கு இலையில் பாதியை நனைத்துச் சாக்கில் சுற்றி மதினி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் சுளகோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாரவுக பாக்கதுக்கு முன்னால இத எடுத்து உள்ள வச்சிருவமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நீ சொல்லத்தான போற. மறைச்சாத்தான் சந்தேகப்படுவாவ."

வந்தவர் ஓர் இளம் பெண் அதிகாரி. பின்சுவரைப் பார்த்து, "இதுக்குள்ளயா இருக்கீங்க?" என்று பதறினார். போனில் படம் எடுத்தார். வீட்டுக்கு உள்ளே, வெளியே, மதினியைச் சுவர் ஓரமாக நிறுத்தி ஒன்று. பக்கத்து வீடுகளிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். அவர்களிலும் பாதிப் பேர் அடுத்தவர் கார்டில் சுற்றுகிறவர்கள்தான்.

"பீடின்னு எழுதியிருக்கு. கார்டு இல்லைன்னு மேல்முறையீடு. இது யாரோட பீடிம்மா?"

"இந்தா நிக்காளே, என் நாத்தனா. அவ கார்டு. அவளுக்குச் சுத்திக் குடுக்கேன்."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். கையில் போன் இருந்தது. படம் எடுக்கப் பிடித்த மாதிரியே இன்னும் பிடித்திருந்தார்.

"அப்படியாம்மா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைதான். 'ஆமாம்மா' என்றால் போதும். என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"இல்லம்மா. என் கார்டுல நான் மட்டுந்தான் சுத்துதேன்."

மதினி குனிந்து சுளகைப் பார்த்தாள். கத்தரியை எடுத்து ஓர் இலையை வெட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான்தாம்மா மாத்திச் சொல்லிட்டேன். நான் தனியாத்தான் சுத்துதேன். கார்டு எங்கனயோ வச்சிட்டேன், கெடைக்கல."

"வீடு வேணும்னா இப்படிப் பொய் சொல்லலாமாம்மா?" என்றார் அந்தப் பெண். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "உண்மையைச் சொல்லியிருந்தா நானே உதவி பண்ணியிருப்பேன்."

தாளில் எழுதினார். பீடித் தொழிலாளர், மத்திய அரசுத் திட்டத்தில் விண்ணப்பிக்கவும்.

கூட்டம் கலைந்தது. பக்கத்து வீட்டுக்காரி போகும்போது என் காதுபடச் சொன்னாள்: "நல்லா இருக்குட்டீ ஒன் உறவு." மதினி தலை நிமிராமல், "எல காயுது, அந்தச் சாக்க இழுத்து மூடு," என்றாள்.

அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒருநாள் நானே ஆரம்பித்தேன். "மதினி, அன்னைக்கு..."

"சவத்த விடு. பிள்ள படிப்பு முடியட்டும். அப்புறம் போயிச் சொல்லுவ. எங்க போயிருது வீடு?"

ஐப்பசியில் மழை பிடித்தது. என் வீடு ஒரே அறை. படுத்த படுக்கையாக மாமியார், கணவர், மகள், நான். இருந்தாலும் மழைக்காலம் முழுவதும் ராத்திரி எங்களோடு வந்து படுக்கச் சொன்னேன். வந்தாள். காலையில் எழுந்து தன் வீட்டுக்குப் போய்விடுவாள். பகலில் என் வீட்டில் இரண்டு சுளகு வைத்து உட்கார இடமில்லை. ராத்திரிதான் சுவர் விழும் என்று எப்படியோ நாங்கள் இருவருமே நினைத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் மழை, ஒரு வியாழக்கிழமை. காலையில் நான்தான் இலை கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்பக்கம் ஒழுகியது. ஒழுகாத இடம் பின்சுவரோரம் மட்டும்தான். தூள் நனைந்தால் பீடி கழிவாகிவிடும் என்று சுளகோடு அங்கே போய் உட்கார்ந்தாள். "சனிக்கிழமைக்கு இன்னும் நெறையக் கெடக்கு," என்றாள். நான் உலை வைக்க வந்துவிட்டேன். பதினொரு மணி வாக்கில் சத்தம் கேட்டது. லாரியில் மணல் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஆண்கள் மண்ணைத் தள்ளி எடுத்தார்கள். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். அவள் வலது கையில் பாதி சுற்றிய பீடி ஒன்று இருந்தது. தூள் கொட்டி, இலை மட்டும்.

அடுத்த நாள் அடக்கம் முடிந்து வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் கிராம அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார்கள். மழையில் சுவர் விழுந்து இறந்தால் அரசு நிவாரணம் உண்டாம். ஜீப், குடை, படிவம் எல்லாம் உடனே வந்தன. படிவத்தை எழுதியவர் என்னிடம் ஆறுதலாகப் பேசினார்.

"இதுல இழுபறி கெடயாதும்மா. சென்ட்ரலும் ஸ்டேட்டும் சேந்து போடுத நிதி. இந்த விசயத்துல மட்டும் ஒருத்தர ஒருத்தர் கைகாட்ட மாட்டாவ."

பெயர், வயது, கணவர் பெயர் எல்லாம் கேட்டார். பிறகு, "தொழில்?"

இந்தத் தடவை எனக்குப் பேச்சு வந்தது. தெருவில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"பீடி சுத்துனாவ. என் கார்டுல. இருவத்தஞ்சு வருசமா என் கார்டுலதான் சுத்துனாவ. அவகளுக்குக் கார்டு இல்ல. எழுதிக்கிடுங்க."

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அழுதுகொண்டு உளறுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"அதெல்லாம் இதுல கேக்கலம்மா," என்றார் மெதுவாக. "கூலின்னு போடுதேன். அது போதும்."

கூலி என்றே எழுதினார்.

மறுநாள் சனிக்கிழமை. சுற்றியதைக் கொண்டுபோய்ப் பீடிக்கடையில் கொடுத்தேன். கணக்கப்பிள்ளை அடுத்த வாரத்துக்கு வழக்கத்தில் பாதி, ஒரு ஆளுக்கு உள்ள இலையை மட்டும் நிறுத்துத் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.